ஏ4 எஞ்சின்கள்: மல்லார்ட்டைத் தவிர மற்ற 34ம் என்ன செய்தன?

கல்முனை ரீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் இருக்கும் என் தம்பி என் மகனுக்கு மல்லார்ட் நீராவி எஞ்சினின் சின்ன மாடல் ஒன்று அனுப்பியிருக்கிறான். நீல நிறம், முன்பக்கம் சரிந்து இறங்குகிற முகம். எங்கள் அம்பாறை மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது, மட்டக்களப்புக்கு வந்துதான் கோச்சி ஏற வேண்டும். அதனாலோ என்னவோ, பிள்ளை கேட்கிற கேள்விக்கு முடிவே இல்லை.

மணிக்கு 126 மைல் ஓடி உலக சாதனை படைத்தது என்கிறார்கள். அது இறக்கத்தில் எடுத்த வேகம், எஞ்சினும் அன்றைக்கே பழுதாகிவிட்டது என்று வேறோரிடத்தில் வாசித்தேன். எது சரி? ஏ4 என்கிற இதே வகையில் 35 எஞ்சின் கட்டினார்களாமே, மற்றவை எல்லாம் என்ன செய்தன? பாடசாலைக் கண்காட்சிக்கு ஒரு அட்டை எழுதப்போகிறான். பிழையாக எழுதிவிடக் கூடாது.

ஏறாவூரான்:

இரண்டும் சரிதான் ரீச்சர். 1938 ஜூலை 3ஆம் திகதி, இங்கிலாந்தில் ஸ்டோக் மேட்டிலிருந்து லண்டன் பக்கமாக இறங்கும்போது எடுத்த வேகம் அது. கிட்டத்தட்ட 200 அடிக்கு ஒரு அடி இறக்கம். ஜெர்மன்காரர் 1936இலேயே 05 002 என்ற எஞ்சினை மணிக்கு 200.4 கிலோமீற்றர் ஓட்டிவிட்டார்கள், அதுவும் ஏற்ற இறக்கம் இல்லாத சமமான பாதையில். மல்லார்ட் எடுத்தது 202.8. என்னைக் கேட்டால் ஜெர்மன் எஞ்சினுக்குத்தான் கூடப் புள்ளி.

கல்லடி பயர்மன் மகன்:

ஏறாவூர்த் தம்பி சொன்னதில் பிழை இல்லை. 126 என்பது கண நேர உச்சம். வடிவமைத்த நைஜல் கிரெஸ்லியே 125 என்றுதான் சொல்லிவந்தார். ஆனால் ரீச்சர், எனக்கு உங்கள் இரண்டாவது கேள்விதான் பெரிது. என் அப்பா மட்டக்களப்பு லைனில் பயர்மனாக, அதாவது எஞ்சினுக்கு நெருப்பு மூட்டுபவராக, இருந்தவர். ஒரு எஞ்சின் நாளைக்கும் இதே நேரத்துக்கு வருமா என்று பார்த்துத்தான் அதை அவர் மதிப்பார். அந்தக் கணக்கில் ஏ4களின் பெருமை 1938க்கு முன்னமே தொடங்கிவிட்டது.

1933இல் ஜெர்மனியில் பெர்லினுக்கும் ஹம்பேர்க்குக்கும் இடையே டீசல் ரயில் ஒன்று பறக்கத் தொடங்கியது. கிரெஸ்லி அதில் போய்ப் பார்த்தார். லண்டன் - நியூகாஸில் பாதைக்கும் அப்படி ஒன்று வாங்கலாமா என்று அவருடைய லண்டன் அன்ட் நோர்த் ஈஸ்டேர்ன் ரயில்வே யோசித்தது. நீராவியே போதும், கூடப் பெட்டியும் இழுக்கும் என்று அவர் நின்றார். 1935 மார்ச் 5ஆம் திகதி, கையில் இருந்த ஏ3 வகை எஞ்சினான பப்பைரஸை வைத்து மணிக்கு 108 மைல் ஓட்டிக் காட்டினார். அதே வருடம் செப்டெம்பரில் டொன்காஸ்டர் வேலைத்தலத்திலிருந்து முதல் ஏ4 வெளியே வந்தது. பெயர் சில்வர் லிங்க். செப்டெம்பர் 27 பத்திரிகைக்காரர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை 112.5 மைல் தொட்டது. 30ஆம் திகதி சில்வர் ஜுபிலி சேவை தொடங்கியது: நியூகாஸிலுக்கு 268 மைல், நான்கு மணித்தியாலம்.

இங்கேதான் நான் நிற்பேன். கூடப் பிறக்க வேண்டிய மற்ற எஞ்சின்கள் வேலைக்கு வந்து சேரவில்லை. முதல் இரண்டு வாரமும் சில்வர் லிங்க் ஒன்றேதான் போய் வந்தது. நாளைக்கு 536 மைல், வாரத்தில் ஐந்து நாள். அது பழுதானால் மாற்றி இழுக்க வேறு ஏ4 இல்லை. அப்பா இதைக் கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பார்.

அப்புறம் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ. லண்டனிலிருந்து 393 மைல், எங்குமே நிற்காமல். நிலக்கரி எட்டு ஒன்பது தொன், தண்ணீர் 5000 கலன் கொண்டுபோகும். அந்தத் தண்ணீர் போதாது. அதற்காகத் தண்டவாளத்துக்கு நடுவே நீளமான தொட்டி கட்டி நிரப்பி வைத்திருப்பார்கள். ஓட்டத்திலேயே குழாயை இறக்கி அள்ள வேண்டும். ஆட்களும் களைத்துப்போவார்கள்தானே? அதற்கு நிலக்கரி வண்டியின் பக்கத்தில் ஒரு ஆள் குனிந்து போகிற ஒடுங்கிய வழி. பாதித் தூரத்தில், பயணிகள் பெட்டியில் இளைப்பாறிய சாரதியும் பயர்மனும் அதன் வழியாக வந்து வேலையை ஏற்பார்கள். இந்த ஏற்பாட்டைக் கிரெஸ்லி 1928இலேயே செய்துவிட்டார்.

1948 ஆகஸ்டில் இங்கிலாந்து - ஸ்கொட்லாந்து எல்லைப்புறத்தில் பெருமழை. பெரிக்குக்கும் டன்பாருக்கும் இடையே பாலங்கள் அடித்துப்போயின. வெள்ளம் வந்தால் ரயில் பாதைக்கு என்ன நடக்கும் என்று மட்டக்களப்பாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரயில்களைக் கெல்சோ, காலஷீல்ஸ் வழியாகச் சுற்றி அனுப்பினார்கள். தூரம் 408 மைலாகக் கூடியது, பாதையில் கடும் ஏற்றமும் உண்டு, அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டியும் கிடையாது. இடையில் நின்று தண்ணீர் பிடிக்கலாம் என்று உத்தரவு இருந்தது. சாரதிகளும் பயர்மன்களும் நெருப்பையும் தண்ணீரையும் அளந்து அளந்து செலவழித்து, நிற்காமலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 17 தடவை! இப்படிச் செய்யும்படி யாரும் கேட்கவில்லை. மல்லார்ட்டின் சாதனையை விட எனக்கு இது பெரிது.

கல்முனை ரீச்சர்:

மிகவும் நன்றி ஐயா. இவ்வளவு உழைத்த எஞ்சின் அந்த ஒரு நாளில் மட்டும் ஏன் பழுதானது என்று மகன் கேட்கிறான்.

கல்லடி பயர்மன் மகன்:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். ஏ4க்கு மூன்று சிலிண்டர், இரண்டு வெளியே, ஒன்று நடுவில். நடுச் சிலிண்டருக்குத் தனி வால்வுக் கருவி கிடையாது. வெளியே உள்ள இரண்டின் அசைவையும் நெம்புகோல்களால் சேர்த்துத்தான் நடு வால்வை இயக்கினார்கள். புதிதாக இருக்கும்போது அருமையாக வேலை செய்யும். நெம்புகோலின் ஆணிகள் தேய்ந்தால், அல்லது வேகம் மிகக் கூடினால், நடு வால்வு அளவுக்கு மிஞ்சி ஓடும். அப்போது நடுச் சிலிண்டர் மற்ற இரண்டையும் விடக் கூட உழைக்கும், அதன் தண்டு அச்சைப் பிடிக்கிற பேரிங் சூடேறும். சூடேறினால் சாரதிக்குத் தெரியட்டும் என்று அதற்குள் சோம்பு வாசனைக் குப்பி வைத்திருந்தார்கள். சாதனை நாளில் அதுதான் நடந்தது. பேரிங் உருகி, பீற்றர்பரோ வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போனார்கள்.

இந்தக் குறை தீர 1950கள் ஆயிற்று. சுவின்டன் வேலைத்தலத்திலிருந்து டொன்காஸ்டருக்கு வந்த கெனத் குக், எஞ்சினின் சட்டகத்தையும் அச்சுகளையும் ஒளிக்கருவி கொண்டு மிக நுட்பமாக நேர்படுத்த வைத்தார், பேரிங்கையும் சுவின்டன் முறைக்கு மாற்றினார். 1957, 58இல் மல்லார்ட்டில் இருந்த இரட்டைப் புகைபோக்கி எல்லா ஏ4களுக்கும் வந்தது. கட்டி இருபது வருடம் கழிந்தபிறகுதான் இவை தங்கள் முழு நலத்தோடு ஓடின. 1959 மே 23 நைஜல் கிரெஸ்லி பெயர் கொண்ட எஞ்சின் பயணிகளோடு 112 மைல் போனது.

ஏறாவூரான்:

மற்றவற்றின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். சேர் ரால்ஃப் வெஜ்வுட் என்ற ஒன்று 1942 ஏப்ரலில் யோர்க் நகரத்தில் விழுந்த ஜெர்மன் குண்டில் அழிந்தது. டீசல் வந்தபிறகு மிஞ்சியவற்றில் சில ஸ்கொட்லாந்தில் அபர்டீன் - கிளாஸ்கோ மூன்று மணிநேர ரயில்களை 1966 செப்டெம்பர் வரை இழுத்தன. இன்று ஆறு இருக்கின்றன. ஒன்று அமெரிக்காவில், ஒன்று கனடாவில், நான்கு பிரித்தானியாவில். 2013இல் ஆறையும் யோர்க் அருங்காட்சியகத்தில் ஒன்றுசேர்த்துக் காட்டினார்கள்.

கல்லடி பயர்மன் மகன்:

ரீச்சர், அட்டையில் மல்லார்ட்டின் சாரதி ஜோசப் டடிங்டன் பெயரை எழுதும்போது, நிலக்கரி போட்ட தோமஸ் பிரே பெயரையும் மகனை எழுதச் சொல்லுங்கள்.