திருமலை டான்ஸ் பிள்ளையள்: சீசன் குறூப்

[பி.ப. 7:42] நிலா: அக்காமார், வெள்ளி இரவு உப்புவெளியில ஒரு ஹோட்டல்ல நானும் கவியும் ஆடுறம். 9 மணிக்குத் தொடங்கி 12.30க்கு முடியுமாம். போக முதல் என்னென்ன பாக்கோணும்?

[பி.ப. 7:50] சுமதி அக்கா: ஆடுற நேரத்தப் பற்றி நான் பெரிசா யோசிக்க மாட்டன். லைட் இருக்கு, சனம் இருக்கு, பாட்டுப் போடுற பொடியன் பாத்துக்கொண்டு நிப்பான். கடைசிப் பாட்டுக்கும் உங்கட வீட்டுக் கேற்றுக்கும் இடையில வாற ஒரு மணித்தியாலம்தான் யோசிக்கிற நேரம்.

[பி.ப. 7:53] சுமதி அக்கா: முதல்ல காசு. அரைவாசி முற்பணம். மிச்சம் மேடை ஏற முதல் வங்கிக் கணக்குக்கு வரோணும். "முடிஞ்ச பிறகு தாறம்" எண்டா இரவு ஒரு மணிக்கு மனேச்சர்ர அறையில தனிய நிக்கவேண்டி வரும். காசுக்காகக் காத்து நிக்கிற பிள்ளைக்கு "ஏலாது" எண்டு சொல்லுறது கஷ்டம். அது அவங்களுக்கும் தெரியும்.

[பி.ப. 7:54] கவி: அவர் எல்லாம் போன்லதான் கதைச்சவர் அக்கா. எழுத்தில ஒண்டும் இல்ல

[பி.ப. 7:57] சுமதி அக்கா: அப்ப நீங்களே எழுதி அனுப்புங்கோ. "நீங்க சொன்னபடி 4 தரம் ஆட்டம், ஒவ்வொண்டும் 15 நிமிஷம், உடுப்பு மாத்த பூட்டு உள்ள அறை, போக்குவரத்துக் காசு உங்கட, விருந்தாளிகள்ர மேசையில இருக்கிற வேலை இல்ல. சரிதானே?" அவர் ஒரு "ஓம்" போட்டாக் காணும். மேசைக்குக் கூப்பிட்டா நீங்க ஒருத்தரோடயும் வாதாடத் தேவையில்ல, "மனேச்சரோட பேசினதில அது இல்ல அண்ணே" எண்டுட்டு நடக்கலாம்.

[பி.ப. 7:58] இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[பி.ப. 8:05] சுமதி அக்கா: உடுப்பு மாத்துற அறை. கதவுக்கு உள்பக்கம் கொண்டி இருக்கா எண்டு பகல்லயே போய்ப் பாருங்கோ. இல்லாட்டி கதவுக்கு அடியில சொருகிற றப்பர் ஆப்பு ஒண்டு கொண்டு போகலாம். ஆனா அது உள்பக்கமாத் திறக்கிற கதவுக்குத்தான் பிடிக்கும்.

[பி.ப. 8:06] நிலா: கமரா வச்சிருந்தா என்னெண்டு கண்டுபிடிக்கிறது?

[பி.ப. 8:11] சுமதி அக்கா: உடுப்பு மாத்துற பக்கத்தப் பாத்தபடி இருக்கிற சாமான்களப் பாருங்கோ. போன் இல்லாம சும்மா சொருகி இருக்கிற சார்ஜர், மணிக்கூடு, புகை அலாரம். லைட்டை நூத்துட்டு டோர்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில பிடிச்சு மெல்ல மெல்லச் சுத்தி அடிச்சா லென்ஸ் புள்ளியா மினுங்கும். கண்ணாடியில விரல் வச்சு இடைவெளி பாக்கிற வித்தையை நம்பாதேங்கோ, அது எல்லாக் கண்ணாடிக்கும் சரிவராது.
கண்டா கழட்டக் கூடாது. படம் எடுத்துட்டு வெளிய வாங்கோ. அதில உள்ள கைரேகையும் மெமரி கார்டும்தான் சாட்சி.

[பி.ப. 8:20] தேவி அக்கா (நேர்ஸ்): குடிக்கிறதப் பற்றி நான் சொல்லுறன். மூடி உடையாத தண்ணிப் போத்தல் வீட்டில இருந்து கொண்டு போங்கோ. மேடைக்கு ஏறேக்க கீழ வச்ச போத்தலை இறங்கி வந்து குடிக்கக் கூடாது. புதுசு உடையுங்கோ. ஆளுக்கு 3 போத்தல் வேணும், இந்த வெக்கைக்கு அது கூட இல்ல.
கலக்கிற மருந்துகளில கனக்க நிறமும் இல்ல, மணமும் இல்ல. மணந்து பாத்துட்டுக் குடிக்கிறதில பிரயோசனம் இல்ல.

[பி.ப. 8:24] தேவி அக்கா (நேர்ஸ்): தண்ணி மட்டும் குடிச்ச பிள்ளை வெறிச்ச மாதிரித் தள்ளாடினா, கதை குழறினா, அது களைப்பு இல்ல. அறையில படுக்க வச்சுட்டுப் போகாதேங்கோ. சரிச்சுப் படுக்க வையுங்கோ, வாந்தி எடுத்தாலும் மூச்சு அடைக்காது. 1990க்கு எடுத்தா அம்புலன்ஸ் இலவசம். சில மருந்து 12 மணித்தியாலத்துக்குள்ள சிறுநீரில இருந்து போயிடும். அதால ஆஸ்பத்திரிக்கு வந்த உடனேயே சொல்லோணும்.

[பி.ப. 8:26] கவி: அக்கா, அதவிட மோசமா ஏதும் நடந்தா? முதல்ல பொலிசுக்கோ?

[பி.ப. 8:31] தேவி அக்கா (நேர்ஸ்): நேரா ஆஸ்பத்திரிக்கு வரலாம் தங்கச்சி. பொலிஸ் துண்டு வேணும் எண்டு இல்ல. குளிக்காதேங்கோ. உடுப்பை மாத்தினா கழட்டினதைக் கடதாசிப் பையில போடுங்கோ. பொலித்தீன்ல வேர்த்துப் பூஞ்சணம் பிடிச்சா சட்ட வைத்தியருக்கு உதவாது. எச்ஐவி தடுப்பு மருந்தும் கர்ப்பத் தடைக் குளிசையும் 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கோணும், முந்தினா முந்தினதுக்கு நல்லது. பெரிய அரச ஆஸ்பத்திரிகளில "நட்பு நிலையம்" எண்டு ஒரு இடம் இருக்கு. அங்க சத்தமில்லாமக் கதைக்கலாம்.

[பி.ப. 8:33] சுமதி அக்கா: தொடுறது, ஊத்தைக் கதை கதைக்கிறது எல்லாம் தண்டனைச் சட்டக் கோவை 345ஆம் பிரிவுக்குக் கீழ குற்றம். 5 வருஷம் வரைக்கும் சிறை இருக்கு. "டான்ஸ் ஆட வந்தவள்தானே" எண்டு அந்தச் சட்டத்தில ஒரு விலக்கும் இல்ல. பொலிசில பெண்கள், சிறுவர் பிரிவுக்குப் போங்கோ, முறைப்பாட்டத் தமிழ்ல எழுதச் சொல்லி, பதிவு இலக்கத்தக் கேட்டு வாங்குங்கோ. போன்ல கேக்கிறதெண்டா பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

[பி.ப. 8:40] றிஸ்வான் நானா (ஓட்டோ): தங்கச்சிமார், வரும்போதே திரும்புற ஓட்டோவையும் பேசி வைங்க. சாமத்தில வாசல்ல நிக்கிற தெரியாத ஓட்டோவில ஏறாதீங்க. ஏற முந்தி நம்பர் பிளேட்டப் படம் எடுத்துக் குறூப்ல போடுங்க. நேர்மையான ஆள் அதுக்குக் கோவிக்க மாட்டான். கடற்கரைப் பக்கம் நிக்கச் சொல்லாதீங்க, அங்க இருட்டு, நாயும் கூட. முன் கேற்றில லைட்டுக்குக் கீழ.

[பி.ப. 8:41] நிலா: லைவ் லொக்கேஷன் போட்டாக் காணுமா நானா

[பி.ப. 8:44] கவி: வாட்ஸ்அப்பில 15 நிமிஷம், 1 மணி, 8 மணி எண்டு மூண்டு இருக்கு, 8 போடுவம். 1 மணி போட்டா நிகழ்ச்சி முடிய முதலே நிண்டுடும்

[பி.ப. 8:46] சுமதி அக்கா: பற்றரி சேவர் போட்டிருந்தாலும் நிண்டுடும், அதை நிப்பாட்டுங்கோ. பவர் பாங்க் பைக்குள்ள. பவர் பட்டனை 5 தரம் அமத்தினா அவசர அழைப்புப் போகும், போனுக்குப் போன் வித்தியாசம், இண்டைக்கே செற்றிங்கில பாருங்கோ. சும்மா அமத்திப் பாத்தா பொலிஸ் 119க்குப் போயிடும், கவனம்.

[பி.ப. 8:52] றிஸ்வான் நானா (ஓட்டோ): பின்னால மோட்டார்சைக்கிள் வந்தா வீட்டு ஒழுங்கைக்குள்ள திரும்ப வேணாம், வீடு எதுவெண்டு காட்டிக் கொடுக்கிற வேலை அது. நேரா ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகச் சொல்லுங்க. அங்க விடிய விடிய வெளிச்சமும் ஆக்களும்.

[பி.ப. 8:55] சுமதி அக்கா: றோட்டில பொலிஸ் மறிச்சாக் காட்ட அடையாள அட்டையும் அந்த "ஓம்" மெசேஜும் கையில இருக்கோணும். 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் சட்டத்த இண்டைக்கும் இரவில நிக்கிற பொம்பிளையளுக்கு மேல இழுக்கிறவங்க இருக்கிறாங்க. உடம்பைச் சோதிக்கிறதெண்டா பெண் பொலிஸ்தான் சோதிக்கோணும். கத்தாம, ஆனா விடாமக் கேளுங்கோ.
மற்றது, ஆடுற படத்த அண்டிரவே பேஸ்புக்கில போடாதேங்கோ. அடுத்த நாள் போடலாம், இடத்தின்ர பெயர் இல்லாம. வேலைக்கு வேற சிம்.

[பி.ப. 9:18] நிலா: மனேச்சர் "ஓம்" போட்டுட்டார் அக்கா. ஆனா அறைக் கதவு வெளிப்பக்கமாத் திறக்குதாம். கொண்டியும் இல்லயாம்

[பி.ப. 9:20] சுமதி அக்கா: அப்ப ஆப்பு வேலை செய்யாது. வெள்ளிக்கு முதல் கொண்டி பூட்டித் தரச் சொல்லி எழுதுங்கோ. தராட்டி ஒராள் மாத்தேக்க மற்றாள் கதவுக்கு வெளிய.

[பி.ப. 9:21] றிஸ்வான் நானா (ஓட்டோ): 12.20க்கு முன் கேற்றில நிப்பன்