தில்லி, ஆக்ரா முகலாயக் கல்லறைகள்: போய்வந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். டிசம்பரில் அம்மாவுடன் தில்லி, ஆக்ரா போகிறேன். தாஜ்மகாலைவிட, அதற்கு முந்தைய கல்லறைகளைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. ஹுமாயூன் கல்லறைக்கு அரைநாள் போதுமா? அதே வளாகத்தில் இருக்கும் எண்கோண ஈசா கான் கல்லறை (1547) அதற்கும் மூத்தது. அதையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி. ஹுமாயூன் கல்லறையின் உயரமான மேடைக்குப் படி செங்குத்து என்கிறார்கள். பிடித்து ஏற வசதி உண்டா?

அப்புறம் ஆக்ரா. வெள்ளிக்கிழமை தாஜ் மூடியிருக்கும் என்பதால், நூர்ஜகான் தன் பெற்றோருக்காகக் கட்டிய இதிமாத் உத் தௌலாவையும், குவிமாடமே இல்லாத சிக்கந்திரா அக்பர் கல்லறையையும் அன்றைக்கு வைத்திருக்கிறேன். ஒரே நாளில் இரண்டும் முடியுமா? முன்னதில் பளிங்கில் பதித்த வண்ணக்கல் வேலைப்பாட்டைப் பார்க்கக் காலை வெளிச்சம் நல்லதா, மாலையா? சொல்லுங்களேன்.