பாதி விலையில் சாம்சங் அல்ட்ரா: அசல்தானா என்று எப்படி உறுதிசெய்வது?

கொங்குவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் சேரவிருக்கும் என் மகளுக்காகக் கைப்பேசி தேடிக்கொண்டிருந்தபோது, சமூக வலைத்தள விளம்பரம் ஒன்றின் வழியாக, அதுவரை பெயர் கேள்விப்படாத ஓர் இணையக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா, 512 ஜி.பி., சீல் உடைக்காத பெட்டி, உள்ளேயே வேக சார்ஜரும் இயர்போனும் என்று போட்டு, நிறுவனத்தின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கேட்கிறார்கள். சுங்கத் துறை ஏலத்தில் எடுத்த சரக்கு என்பதால்தான் இந்த விலையாம். பொருள் வீட்டுக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும் என்கிறார்கள். ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கேட்டதும் தயங்காமல் அனுப்பினார்கள். அதை மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பார்த்தால் நிறுவனத்தின் பெயரும் மாடலும் சரியாகவே வருகின்றன. இதற்கு மேலும் சந்தேகப்பட வேண்டுமா?

பழுதுநீக்கி:

ஐயா, நான் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். உங்கள் கேள்விக்கான விடை அந்த விளம்பரத்திலேயே இருக்கிறது. 2021 ஜனவரியில் வந்த எஸ்21 வரிசையிலிருந்து சாம்சங் தன் உயர்விலைக் கைப்பேசிகளின் பெட்டியில் சார்ஜரோ இயர்போனோ வைப்பதில்லை. ஐபோனில் இவற்றைப் பெட்டியில் வைக்கும் வழக்கம் 2020 அக்டோபரில், 12 வரிசையோடு நின்றுபோனது. கடைக்காரர் தம் கையிலிருந்து ஒரு சார்ஜரைத் தனியே சேர்த்துக் கொடுத்தால் அது வேறு கதை. சீல் உடைக்காத பெட்டிக்குள் அது எப்படிப் போயிருக்கும்?

ஐ.எம்.இ.ஐ. எண் சரியாக இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினைந்து இலக்கங்களில் முதல் எட்டு மாடலைக் குறிப்பவை. கடையில் இருக்கும் ஓர் அசல் பெட்டியைப் படம் எடுத்தாலே முழு எண்ணும் கிடைத்துவிடும். அந்த எண் ஓர் அசல் கைப்பேசிக்கு வழங்கப்பட்டது என்பதை மட்டுமே தளம் சொல்கிறது, உங்கள் கைக்கு வரப்போவது அந்தக் கைப்பேசிதான் என்று சொல்வதில்லை. 2020-இல் மீரட் காவல் துறை விசாரித்த ஒரு வழக்கில், ஒரே ஐ.எம்.இ.ஐ. எண்ணில் 13,000-க்கும் மேற்பட்ட கைப்பேசிகள் இயங்கியது தெரியவந்தது. ஆகவே, சோதனையில் எண் தவறினால் வாங்கவே கூடாது. தேறினால் அடுத்த சோதனைக்குப் போகலாம், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் தெரிந்த சோதனைகளைத் தாண்டும்படிதான் போலிகளைத் தயாரிக்கிறார்கள். அமைப்புகள் பகுதியில் 512 ஜி.பி. என்றும், உயர்ரகச் சிப்பான ஸ்னாப்டிராகன் என்றும் எழுதிக் காட்டுவதற்குச் செலவே இல்லை. வன்பொருளின் விவரங்களைக் காட்டும் செயலிகளையும்கூட ஏமாற்றும்படி மென்பொருளை மாற்றி வைத்திருப்பார்கள். தயாரிப்பவர் பணம் செலவழித்தால்தான் வரும் வசதிகளைச் சோதித்துப் பாருங்கள். வயர்லெஸ் சார்ஜர் மீது வைத்தால் சார்ஜ் ஏறுகிறதா, 4கே தரத்தில் காணொளி பதிவாகிறதா, வீட்டு ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தெரிகிறதா, பதிவுசெய்யாத விரலை வைத்தாலும் திரை திறந்துகொள்கிறதா என்று பாருங்கள். நாற்பது ஐம்பது ஜி.பி. அளவுக்குக் காணொளிகளை ஏற்றிவிட்டு, முதலில் ஏற்றியவை இன்னும் ஓடுகின்றனவா என்றும் திறந்து பாருங்கள். போலியில் நினைவகம் உண்மையில் மிகச் சிறியதாக இருப்பதால், புதிய கோப்பு பழையதை அழித்துவிடும் அல்லது கெடுத்துவிடும்.

கேமராவுக்கு மிக எளிய வழி ஒன்று உண்டு. கேமராவைத் திறந்து, அகலக் கோணத்திலிருந்து உச்ச ஜூம் வரை ஒவ்வொரு நிலையிலும் லென்ஸ்களை விரலால் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். அசலில் நிலை மாறும்போது வேலை செய்யும் லென்ஸும் மாறும். என் மேசைக்கு வந்த ஒரு போலியின் பின்மூடியைக் கழற்றியபோது, ஒரே ஒரு லென்ஸிலிருந்து மட்டும்தான் பலகைக்கு ஒயர் பட்டை போனது. மற்றவை பசை போட்டு ஒட்டிய வெறும் கண்ணாடி வட்டங்கள்.

பிளே ஸ்டோரின் அமைப்புகளில் 'சாதனம் சான்றளிக்கப்பட்டது' என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐபோன் என்றால் கணினியில் ஐடியூன்ஸுடன் இணைத்தாலே போதும்; ஆண்ட்ராய்டுக்கு ஐபோன் வேடம் போட்ட கருவியை அது அடையாளம் காணாது.

கொங்குவாசி:

மிக்க நன்றி. சார்ஜர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் பணத்தைப் பிறகுதானே கொடுக்கப்போகிறேன்? வந்த பிறகு பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, போலி என்றால் திருப்பி அனுப்பிவிடலாம் அல்லவா?

வழக்காடுமன்றம்:

அப்படி நடக்காது. பொருள் வந்ததும் பணம் என்ற முறையில், பணத்தைக் கொடுத்த பிறகுதான் பொதியைப் பிரிக்க விடுவார்கள். கூரியர் ஊழியருக்கு உள்ளே இருப்பதைப் பற்றி எந்தப் பொறுப்பும் இல்லை. பெரிய தளங்கள் சிலவற்றில் ஊழியர் உங்கள் முன்னிலையிலேயே பெட்டியைத் திறந்து காட்டும் வசதி உண்டு. அங்கேயும் கருவியை இயக்கி, டயலரில் *#06# அழுத்தி வரும் எண்ணும் பெட்டியில் அச்சிட்ட எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே ஓ.டி.பி. சொல்லுங்கள்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, பொருள் போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாததாகவோ இருந்தால், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் இவை அனைத்தும் முகவரி உள்ள விற்பனையாளரிடம்தான் செல்லும். வாட்ஸ்அப் எண்ணைத் தவிர வேறு எதுவும் காட்டாத கடைமீது எந்த முகவரிக்கு நோட்டீஸ் அனுப்புவது? எனவே முதலில் அந்தத் தளத்தில் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

யாழ்வாசகன்:

இலங்கையில் இருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு: 'ஐ.எம்.இ.ஐ.' என்ற ஆங்கில எழுத்துகளை இட்டு, இடைவெளி விட்டு, பதினைந்து இலக்க எண்ணை 1909-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவிடமிருந்து பதில் வரும். பழுதுநீக்கி அண்ணா சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

பழுதுநீக்கி:

இந்தியாவில் அதே வேலைக்கு 'கே.ஒய்.எம்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுடன் எண்ணைச் சேர்த்து 14422-க்கு அனுப்பலாம். பழைய கைப்பேசி வாங்குவோர் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். முடக்கப்பட்டது, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். இன்னொன்று: ஏமாந்து வாங்கிவிட்ட போலியை இணையத்தில் வேறொருவர் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. போலி என்று தெரிந்தே விற்பது வணிகக் குறிகள் சட்டப்படி குற்றம்.

கொங்குவாசி:

அந்தத் தளத்தில் முகவரியும் இல்லை, குறைதீர் அலுவலரும் இல்லை. ஆர்டரை ரத்து செய்துவிட்டேன்.