செனசென்ஸா, செனிலிட்டியா? ஆங்கிலச் சொற்கள் குழப்புகின்றன, உதவி தேவை

தருமபுரியில் எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம் முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. இன்னும் மூன்று வாரத்தில் முதுமை அறிவியல் பற்றி ஆங்கிலத்தில் செமினார் எடுக்க வேண்டும். பாடம் புரிகிறது, சொற்கள்தான் காலை வாருகின்றன.

டெலோமியர் (குரோமோசோம் நுனியில் உள்ள பாதுகாப்பு மூடி), ஆட்டோஃபேஜி (செல் தன் பழுதான பாகங்களைத் தானே செரிப்பது) இரண்டும் பிரச்சினை இல்லை. 2009, 2016 நோபல் பரிசுக் கதைகளோடு படித்ததால் ஒட்டிக்கொண்டன. குழப்புவது ஜோடிச் சொற்கள். செல் பிரிவதை நிறுத்திவிடும் நிலை செனசென்ஸ். வயதானவர்களின் அறிவுத் தடுமாற்றத்துக்கான பழைய சொல் செனிலிட்டி. ஒத்திகையில் ‘செல்லுக்குச் செனிலிட்டி’ என்று சொல்லிவிட்டேன், வகுப்பே சிரித்தது. ஜெரன்டாலஜி முதுமை பற்றிய படிப்பு, ஜெரியாட்ரிக்ஸ் முதியோர் மருத்துவம். எழுதச் சொன்னால் சரியாக எழுதுவேன், நாலு பேர் முன்னால் நின்றால் போச்சு.

இரண்டு மாதமாக அட்டைகளில் எழுதி, பாலக்கோடு பஸ்ஸில் போக வரப் புரட்டினேன். ஒரே வாரத்தில் மறந்தது. போன் ஆப்பில் பொதுச் சொற்கள்தான். அப்புறம் கிரேக்க வேரைத் தேடினேன். இரண்டு ‘ஜெர்’ருக்கும் முதுமை என்றே பொருள் வந்தது!

தமிழ் வழியில் படித்தவர்களே, இப்படிப்பட்ட ஜோடிச் சொற்களைப் பேசும்போது தடுமாறாமல் இருக்க எப்படிப் பழகினீர்கள்?