கொல்லிமலை காதுகுத்து (குடும்பக் குழு)

தனம் அத்தை: பிரபு மலையில் விழுந்துவிட்டானாமே? பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

கவிதா: முழங்கையில் சிராய்ப்புதான் அத்தை. பூசாரியைப் பார்த்துவிட்டு இறங்கும்போது பைக் வழுக்கிவிட்டதாம்.

தனம் அத்தை: எனக்கு எதைத்தான் சொல்கிறீர்கள்.

முருகேசன் மாமா: எந்த இடம்? எந்த பிரேக் பிடித்தாய்?

பிரபு: 38-ஆவது வளைவு மாமா. பின் பிரேக்.

முருகேசன் மாமா: அது மட்டுமா?

பிரபு: ஆமாம்.

முருகேசன் மாமா: நினைத்தேன். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம், உன் பாரம் எல்லாம் முன்னால் சாய்கிறது. வாசலில் வண்டியை மெல்ல உருட்டி முன் பிரேக்கைப் பிடித்துப் பார், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கும். முன் டயர் சாலையை அழுத்திப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை ஓங்கி மிதித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. வண்டியின் வால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். நல்ல தார்ச் சாலையில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. இறக்கத்தில் இன்னும் கூடுதல்.

செந்தில்: மாமா, மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: முன் பிரேக் குப்புறத் தள்ளும். நான்தான் பிரபுவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

முருகேசன் மாமா: அது சைக்கிளுக்குச் சொன்னது மச்சான். வெடுக்கென்று பிடித்தால் எதுவும் தள்ளும். எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி முதலில் மெதுவாக, பிறகு இறுக்கமாக.

பெரியப்பா: நான் ஒருமுறைகூட விழுந்ததில்லை.

செல்வி சித்தி: வைக்கோல் போர்?

செந்தில்: 😂😂

பெரியப்பா: அது வேறு. அந்தக் கால புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மாப்பிள்ளை வண்டியில் மாறியிருந்தது. பிரேக் என்று கியரை மிதித்துவிட்டேன்.

முருகேசன் மாமா: ஹெட்லைட் காசு இன்னும் வரவில்லை.

தனம் அத்தை: மாத்திரை போட்டீர்களா? பக்கத்து அறையிலிருந்து கேட்டால் காதில் விழவில்லை.

பிரபு: என் வண்டி 125 சிசி மாமா. காலில் மிதித்தாலே முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் என்றார்கள். ஏபிஎஸ் மாதிரிதானே?

முருகேசன் மாமா: இல்லை. அது சிபிஎஸ். உன் மிதியில் கொஞ்சத்தை முன் சக்கரத்துக்கும் அனுப்பும், அவ்வளவுதான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏபிஎஸ். 2019 ஏப்ரலில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்குத்தான் அதைக் கட்டாயமாக்கினார்கள். 125 வரை சிபிஎஸ் போதும் என்று அப்போது விட்டுவிட்டார்கள். சரி, எந்த கியரில் இறங்கினாய்?

பிரபு: நியூட்ரல்

கவிதா: பெட்ரோல் மிச்சமாம்.

முருகேசன் மாமா: எழுபது கொண்டை ஊசியையும் நியூட்ரலிலா! இரண்டாவது கியரில் போட்டு கிளட்சைத் தொடாமல் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிரம் சூடேறி, பாதி மலையில் பிரேக்கே கேட்காது. வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக இருக்கும்போது, இரண்டையும் பிடித்து வேகத்தைக் குறை. சாய்த்த பிறகு மணலோ ஈரச் சருகோ கிடந்தால் முன் பிரேக்கை இறுக்காதே.

செல்வி சித்தி: ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பைக்கிலா? எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

தனம் அத்தை: வேன்.

செந்தில்: வாடகை? போன தடவை போலவா?

செல்வி சித்தி: போன தடவை என்ன?

செந்தில்: ஒன்றுமில்லை சித்தி.

கவிதா: பிரபு, முழங்கை மடங்குகிறதா? பாப்பாவை மடியில் வைக்க வேண்டும். ஊசி பட்டால் துள்ளுவாள்.

பிரபு: கட்டுப் போட்டிருக்கிறது. பார்க்கலாம் அக்கா.

பெரியப்பா: செந்திலும் தாய்மாமன்தான்.

கவிதா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி சித்தி: நான் படித்துவிட்டேன் கவிதா.

முருகேசன் மாமா: ஸ்கூட்டரில் வருகிறவர்கள் கவனிக்கவும். இடது கை பின் பிரேக், வலது கை முன் பிரேக். கியரே கிடையாது, இறக்கத்தில் எஞ்சின் அவ்வளவாக இழுத்துப் பிடிக்காது. அதனால்

தனம் அத்தை: ஸ்கூட்டரே வேண்டாம். வேன்தான்.

செந்தில்: வேனில் 12 பேர்தான் அத்தை. நாம் 17.

பெரியப்பா: மீதிப் பேர் பைக்கில் வரட்டும்.

முருகேசன் மாமா: எந்தப் பேர்?

பெரியப்பா: அதை அப்புறம் பேசலாம். கிடா சொல்லியாகிவிட்டதா?

பிரபு: அது செந்தில் இல்லையா?

செந்தில்: நானா?