தென்பெருங்கடலில் காற்று வலுத்தால் ஆழ்நீர் அதிகமாக மேலெழுமா?

கேள்வி:
அண்டார்க்டிக்காவைச் சூழ்ந்த கடலில் மேற்கிலிருந்து வீசும் காற்று, ஓசோன் படலம் மெலிந்ததும் ஒரு காரணமாக, கடந்த சில பத்தாண்டுகளில் வலுத்துள்ளது. அப்படியானால் ஆழ்நீர் மேலெழுவதும் அதே விகிதத்தில் கூடியிருக்க வேண்டாமா?

மறுமொழி 1:
காற்றை மட்டும் கணக்கில் கொண்டால் உங்கள் ஊகம் சரியே. தென்கோளத்தில் புவிச்சுழற்சியின் விளைவாக மேற்பரப்பு நீர் காற்றின் இடப்புறமாக, அதாவது வடக்கே, நகர்கிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழ்நீர் மேலெழுகிறது. ஆனால் இதே செயல் சம அடர்த்திப் பரப்புகளை, அதாவது ஒரே அடர்த்தியுள்ள நீரை இணைக்கும் கற்பனைப் பரப்புகளை, மேலும் சாய்க்கிறது என்பதை மறக்கக் கூடாது. அந்தச் சாய்வில் சேரும் ஆற்றலிலிருந்து, பல பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள சுழல்கள் பிறந்து, நீரைத் தெற்கு நோக்கிக் கொண்டுசென்று சாய்வைத் தணிக்கின்றன. உண்மையில் நிகழும் மேல்-கீழ் சுழற்சி, எதிரெதிரான இவ்விரண்டுக்கும் இடையே எஞ்சும் வேறுபாடுதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. காற்றின் கூடுதல் வலுவைச் சுழல்கள் முழுவதுமாக ஈடுசெய்துவிடுமா?

மறுமொழி 2:
இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிக்காவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணை வழியே வினாடிக்கு 13 கோடி கன மீட்டருக்கும் மேல் கிழக்கே பாயும் நீரோட்டம், காற்று வலுத்தாலும் அவ்வளவாக மாறுவதில்லை. கூடுதல் ஆற்றல் பெரும்பாலும் சுழல்களுக்கே போய்விடுகிறது. மேல்-கீழ் சுழற்சியிலோ ஈடு அரைகுறையானது, ஏனெனில் காற்று தள்ளுவது மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கை, சுழல்களின் பெயர்ச்சியோ பெரும் ஆழம்வரை பரவியிருக்கிறது. எனவே மேலெழுதல் கூடும், ஆனால் காற்றின் விகிதத்தில் அன்று. சுழல்களைத் தெளிவாகக் காட்டாத, நுணுக்கம் குறைந்த கணினி மாதிரிகளின் முடிவுகளை நான் எச்சரிக்கையுடனேயே ஏற்பேன்.