கிணற்று நீருக்கு மதில் ஓவியம் எதற்கு?

செம்மண்:
எங்கள் வாசிகசாலை மதிலில் பெடியள் 'நிலத்தடி நீரைக் காப்போம்' என்று பெரிய ஓவியம் கீறியிருக்கிறார்கள். வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயின்ற் காசுக்கு நாலு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்திருக்கலாம். 2019 கடைசியில் இலங்கை முழுக்க மதில்களில் கீறினார்களே, எங்கள் ஒழுங்கையில் கீறியது மாரி மழையோடு உரிந்து போனது. இதுவும் அப்படித்தான் போகும்.

கிணத்தடி:
அண்ணை, பரிசோதிக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் வர வேண்டுமே! உரத்தாலும் கழிவாலும் தண்ணீரில் கலக்கும் நைத்திரேற்று என்ற உப்புக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆறு என்று சொல்ல மாரியில் ஓடும் வழுக்கியாறுதான். மற்றபடி குடிப்பதெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணீர். தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியில் ஊறுவதும் கல் வெடிப்புகளால் இறங்கி அதே தண்ணீரில் சேர்கின்றன. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டக் கலை வேண்டும்.

செம்மண்:
அதையாவது காட்டினார்களா? ஒரு நீலத் துளி, அதைத் தாங்கும் இரண்டு கை, பக்கத்தில் ஒரு மரம். குழியும் இல்லை, உரப்பையும் இல்லை. பார்ப்பவர் 'தண்ணீரை வீணாக்காதே' என்று விளங்கிக்கொண்டு போவார்.

வெங்காயத் தோட்டம்:
உரப்பையைக் கீறினால் எங்களைத்தான் கை காட்டுவீர்கள். பசளை அளவுக்கு மிஞ்சிப் போகிறது, மறுக்கவில்லை. டவுனில் ஒரு பரப்புக் காணிக்குள் வீடு, கிணறு, குழி மூன்றையும் அடைத்து வைத்திருப்பவர்களையும் சேர்த்துக் கீறுங்கள்.

கிணத்தடி:
நியாயம். ஓவியம் பொதுப்படையாக இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கலை என்றால் மதில் மட்டுமா? போன வருடம் பக்கத்து ஊர்க் கோயில் வீதியில் ஒரு தெருவெளி நாடகம் பார்த்தேன். ஒரு பிள்ளை இரண்டு கிளாஸ் தண்ணீரை நீட்டி, "எது நல்ல தண்ணி?" என்று கேட்டாள். இரண்டும் பளிங்கு மாதிரி. முன்னால் இருந்த ஆச்சி ஒன்றைக் காட்டினா. கெட்டது அதுதான் என்றதும், "நாங்கள் கொதிக்க வைச்சுத்தானே பேரனுக்குப் பால்மா கரைக்கிறம்" என்றா. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும் என்று அந்தப் பிள்ளை சொன்னபோது ஒருவரும் அசையவில்லை. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எல்லை வைத்ததே புட்டிப்பால் குழந்தைகளை நினைத்துத்தான். இதைத் துண்டுப் பிரசுரத்தில் போட்டிருந்தால் அந்த ஆச்சி வாசித்திருப்பாவா? 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பிள்ளைகள், சனத்தின் போர்க்காலத் துயரைச் சொன்ன 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன மண் இது.

செம்மண்:
அந்த நாடகம் சனம் ஏற்கனவே பட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னது, அதனால் பற்றிக்கொண்டது. இது சனத்துக்கே தெரியாத ஆபத்து. நாடகம் முடிந்த பிறகு அந்த ஆச்சி எங்கே போவா? யாரிடம் கேட்பா? பயத்தை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது சரியில்லை, தங்கச்சி. வரும்போதே ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள், பரிசோதிக்க ஆளையும் கூட்டி வாருங்கள். முடிவை அந்த மதிலிலேயே எழுதுங்கள். அப்படியென்றால் பெயின்ற் வாங்க நானும் காசு தருகிறேன்.

வெங்காயத் தோட்டம்:
மதிலில் எழுதினால் யாருடைய கிணறு என்று ஊருக்கே தெரிந்துவிடும். பிறகு அந்த வீட்டில் ஒருவரும் தேத்தண்ணி குடிக்க மாட்டார்கள்.

கிணத்தடி:
வீட்டுக்காரரின் பெயர் வேண்டாம், ஒழுங்கையின் பெயர் போதும். முடிவை அந்தந்த வீட்டாரிடம் தனியாகக் கொடுக்கலாம். பெடியளிடம் நான் கதைக்கிறேன்.